அம்பாசடரின் பின் ஆக்சில் ஊளை: கழற்றுவதற்கு முன் காரணத்தைக் கண்டறியும் முழு வழிமுறை

பழைய அம்பாசடரை வாங்கிச் சீரமைப்பவர்களில் பலர், வேகம் மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டும்போது பின்சீட்டுக்கு அடியிலிருந்து எழும் ஊளையைக் கேட்டவுடன் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூட்டு) போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரமே யூனிட் கழற்றப்பட்டு, பேரிங்குகள் மாற்றப்பட்டு, வண்டி முன்பைவிட அதிகச் சத்தத்தோடு பட்டறையை விட்டு வெளியே வருகிறது.

அதிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும், இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் சுழற்சியை அதற்குக் கொடுக்கும் சிறு பல்சக்கரமான பினியனும் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடி. அவற்றின் இடைவெளியை ஒருமுறை கலைத்தபின் அதே நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது அனுபவமுள்ள மெக்கானிக்குக்கும் எளிதன்று. ஆகவே இந்த வழிமுறையில் ஆக்சிலைத் திறப்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்னுள்ள படிகளை எழுதிய வரிசையிலேயே செய்ய வேண்டும். இங்கே சொல்வது பி.எம்.சி. 1489 சி.சி. இன்ஜினும் நான்கு கியர் பெட்டியும் கொண்ட அம்பாசடரை மனத்தில் வைத்து எழுதியது என்றாலும், கமான் பட்டையில் அமர்ந்த ஹைப்பாய்டு ஆக்சில் (பினியன் கிரவுன் வீலின் மையத்திலிருந்து விலகி அமைந்த வகை) உள்ள பிற பழைய கார்களுக்கும் முறை பெரிதும் இதுவேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தரமான ஜாக்கி, வண்டியின் எடையைத் தாங்கக்கூடிய இரண்டு ஆக்சில் ஸ்டாண்டுகள், முன்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க நான்கு மரக்கட்டைகள், சாக்பீஸ், நீளமான ஸ்க்ரூடிரைவர் அல்லது மெக்கானிக் ஸ்டெதஸ்கோப், காந்தத் துண்டு, சுத்தமான ஒரு தட்டு, பனியன் வேஸ்ட், தேவையான அளவு எஸ்.ஏ.இ. 90 ஹைப்பாய்டு கியர் ஆயில் ஆகியவை போதும். ஆக்சிலைத் திறக்க நேர்ந்தால் மட்டுமே டயல் கேஜும் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி), ஸ்பிரிங் தராசும், உங்கள் மாடலுக்குரிய வொர்க்‌ஷாப் மேனுவலும் வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகமும், பக்கத்தில் அமர்ந்து எழுத ஓர் ஆளும். ஓட்டுபவரே கேட்டு, நினைவில் வைத்து, வீட்டுக்கு வந்து எழுதினால் 4-ஆம் படியில் வரும் நான்கு சோதனைகளின் முடிவுகளும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

2. வண்டிக்குக் கடைசியாக என்ன வேலை நடந்தது என்று கேளுங்கள்

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. ஆனால் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடுவதுண்டு. ஊளை மெல்ல மெல்ல வளர்ந்ததா, ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் பிறகு திடீரென்று வந்ததா என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள். மெல்ல வளர்ந்தது தேய்மானம். திடீரென்று வந்தது பெரும்பாலும் கைவேலை.

பினியன் ஆயில் சீல் மாற்றியபின் வந்த ஊளையை முதலில் சந்தேகியுங்கள். சீல் மாற்றுவதற்குப் பினியன் நட்டைக் கழற்றியாக வேண்டும். அந்த நட்டின் இறுக்கம்தான் பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கும் தேவையான முன்அழுத்தத்தை, அதாவது ஆட்டமில்லாதபடி முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கத்தை, காக்கிறது. குறி வைக்காமல் கழற்றி, கைக்கு வந்தபடி முடுக்கினால், ஒன்று பினியன் முன்னும் பின்னும் நகரும். அல்லது பேரிங் இறுகிச் சூடேறும். இரண்டுமே சத்தம் தரும்.

டயர் மாற்றியது, கமான் பட்டை மாற்றியது, புரொப்பெல்லர் ஷாஃப்டை (கியர் பெட்டியிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் நீண்ட தண்டு) கழற்றி மாட்டியது, மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வண்டி நின்றது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் வரும் படிகளில் தனி இடம் உண்டு.

3. சத்தத்துக்குச் சரியான பெயர் வையுங்கள்

மெக்கானிக்கிடம் “சத்தம் வருகிறது” என்று மட்டும் சொல்வதால் பயனில்லை. ஒரே சுருதியில் நீளமாக எழுந்து, வேகத்தோடு சுருதியும் ஏறினால் அது ஊளை; பற்கள் பற்களோடு பேசும் ஒலி. கரகரப்போடு, சுருதி தெளிவில்லாமல், அடித்தொண்டையில் வருவது உறுமல். அது பேரிங்கின் ஒலி. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஒருமுறை மட்டும் கேட்கும் ‘டக்’ என்ற அடி, யு.ஜே. கிராஸ் (ஷாஃப்டின் முனையிலுள்ள மடங்கும் இணைப்பு), ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் வரிப்பள்ளப் பொருத்து), டிஃபரன்ஷியல் இவற்றில் எங்கோ சேர்ந்திருக்கும் ஆட்டத்தைக் காட்டுகிறது. வளைவில் மட்டும் கேட்கும் கடகடப்பு, டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பினியன்களிலிருந்தும் அவற்றின் வாஷர்களிலிருந்தும் வருவது. நேராக ஓடும்போது அந்தப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று சுழல்வதில்லை என்பதால் நேர்சாலையில் அது மறைந்துவிடும்.

4. சாலைச் சோதனை: நான்கு நிலைகள்

இந்த வழிமுறையின் உயிர்நாடி இந்தப் படிதான், அவசரப்பட வேண்டாம். சமதளமான, தார் ஒரே சீராக உள்ள, போக்குவரத்துக் குறைந்த சாலையை விடியற்காலையில் தேர்ந்தெடுங்கள். சோதனைக்கு முன் குறைந்தது 15 கி.மீ. வண்டியை ஓட்டி ஆக்சில் ஆயிலைச் சூடேற்றுங்கள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருந்து ஊளையை மூடி மறைக்கும்.

ரேடியோ, மின்விசிறி ஆகியவற்றை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். கூரையில் கேரியர் இருந்தால் கழற்றிவிடுங்கள். டாக்சியாக ஓடிய வண்டிகளின் கேரியர், மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் காற்றில் எழுப்பும் ஒலியை ஆக்சில் ஊளையென்று நம்பியவர்கள் உண்டு.

பிறகு டாப் கியரில், 40 முதல் 80 கி.மீ. வரையுள்ள வேகங்களில், கீழ்க்கண்ட நான்கு நிலைகளையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

முதல் நிலை இழுவை: ஆக்சிலேட்டரை மிதித்து வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். இப்போது பினியன் பல்லின் ஒரு பக்கம் கிரவுன் வீலைத் தள்ளுகிறது; தள்ளும்போது எழும் எதிர்விசை பினியனை வண்டியின் முன்பக்கம் நோக்கி வெளியே தள்ளுகிறது.

இரண்டாம் நிலை சீரோட்டம்: வேகம் ஏறவும் இறங்கவும் செய்யாதபடி லேசாக மிதித்திருங்கள்.

மூன்றாம் நிலை தடை: ஆக்சிலேட்டரை முழுதும் விட்டு, கியரிலேயே வண்டி தானாக வேகம் குறையட்டும். இப்போது சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றுகின்றன. பல்லின் மறுபக்கம் வேலை செய்கிறது. பினியன் கிரவுன் வீலை நோக்கி உள்ளே இழுக்கப்படுகிறது.

நான்காம் நிலை மிதப்பு: இழுவையும் தடையும் இல்லாத ஒரு புள்ளியில் ஆக்சிலேட்டரை நிறுத்திப் பிடியுங்கள். பல்லின் இரண்டு பக்கங்களுமே அழுத்தமில்லாமல் இருக்கும் நிலை இது. பிடிக்கச் சற்றுப் பழக்கம் வேண்டும்.

இழுவையில் மட்டும் ஊளை, தடையில் அமைதி என்றால், பற்களின் தள்ளும் பக்கத்தில் தேய்மானமோ தவறான பதிவோ (பல்லின்மேல் பல் படும் இடத்தில் தவறு) இருக்கிறது. இழுவையில் அமைதி, தடையில் மட்டும் ஊளை என்றால், பினியனின் முன்அழுத்தம் தளர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். தடைநிலையில் பினியனைப் பிடித்து நிறுத்த வேண்டியது நட்டுப் பக்கத்துப் பேரிங். அதில் தளர்ச்சி இருந்தால் பினியன் உள்ளே நகர்ந்து பற்களின் பதிவு மாறிவிடுகிறது. சீல் மாற்றியபின் வரும் ஊளை பெரும்பாலும் இந்த வகைதான்.

மிதப்பு நிலையில் மட்டும் தெரியும் மெல்லிய கடகடப்பு, பற்களிடையே இடைவெளி மிகுந்திருப்பதைச் சொல்கிறது. நான்கு நிலைகளிலும் சற்றும் மாறாமல், வேகத்தைப் பொறுத்து மட்டும் கூடிக் குறையும் சத்தம் பற்களிலிருந்து வருவது அரிது. பேரிங்கையோ டயரையோ பாருங்கள்.

இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று: தடைநிலையைச் சோதிக்க வண்டியை நியூட்ரலுக்கு மாற்றிவிடுவது. நியூட்ரலில் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றுவதில்லை. பற்களின் மேல் அழுத்தமே இருக்காது. அது தடைநிலையன்று, ஏறக்குறைய மிதப்பு நிலை. இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிப் பார்ப்பதோ எந்தச் சோதனைக்கும் தேவையில்லை, செய்யவும் கூடாது.

5. ஆக்சில் அல்லாதவற்றை விலக்குங்கள்

முதலில் கியர் பெட்டி. நான்கு கியர் பெட்டியில் டாப் கியர் நேரிணைப்பு என்பதால், இன்ஜினின் விசை கியர் பற்கள் வழியாகச் செல்லாமல் நேரே புரொப்பெல்லர் ஷாஃப்டுக்குப் போகிறது. மணிக்கு 45 கி.மீ.யில் டாப் கியரிலும், அதே வேகத்தில் மூன்றாம் கியரிலும் கேளுங்கள். ஊளையின் சுருதியும் அளவும் மாறவில்லையென்றால் அது கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றாம் கியரில் மட்டும் வந்தால் ஆக்சிலை விட்டுவிடலாம்.

அடுத்து டயர். ரீட்ரெட் செய்த டயர்களும், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் தட்டையாகிப் போன டயர்களும் ஆக்சிலைப் போலவே ரீங்கரிக்கும். டயரின் ஒலி சாலையின் மேற்பரப்போடு மாறும். ஆக்சிலின் ஒலி மாறாது. தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் பாலத்தின் மேல் ஏறும்போது கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐயம் நீடித்தால் முன்டயர்களைப் பின்னுக்கும் பின்டயர்களை முன்னுக்கும் மாற்றிப்போட்டு மறுபடி கேளுங்கள். சத்தம் இடம் மாறினால் காரணம் டயர்.

சக்கர பேரிங்குக்கு, காலியான அகலச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மென்மையாக அசையுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது எடை வலப்பக்கச் சக்கரத்தின் மேல் விழுகிறது. அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடப்பக்கம்.

ஸ்பீடோமீட்டர் கேபிளை மறக்க வேண்டாம். கிரீஸ் வற்றிய கேபிள், வேகத்தோடு சுருதி ஏறும் ஊளையை டாஷ்போர்டு வழியாகத் தரும். அதைக் கியர் பெட்டிப் பக்கத்தில் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது சில நிமிட வேலை. சைலன்சர் குழாய் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தொட்டால், மற்றபடி காதில் விழாத சிறு ஒலியும் பின்சீட்டில் பெரிதாகக் கேட்கும்.

6. சுருதியை எண்ணாக மாற்றுங்கள்

காதை நம்ப முடியாதவர்களுக்கு இந்தப் படி பெரிய துணை. கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்று போதும்.

முதலில் உங்கள் ஆக்சிலின் விகிதம் தெரிய வேண்டும். ஒரு பின்சக்கரம் தரையில் அசையாமல் நிற்க, மற்றொன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன்சக்கரங்களுக்கும் தரையிலுள்ள பின்சக்கரத்துக்கும் இருபுறமும் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இன்ஜின் அணைந்தே இருக்க வேண்டும். ஷாஃப்டில் சாக்பீஸால் குறியிட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் 20 சுற்றுச் சுற்றுங்கள். ஒரு சக்கரம் நிற்கும்போது மறுசக்கரம் கிரவுன் வீலைப் போல இருமடங்கு சுற்றும். எனவே 20 சக்கரச் சுற்று என்பது 10 கிரவுன் வீல் சுற்று. அதற்குள் ஷாஃப்ட் 45 சுற்றும் சற்றேறக்குறைய அரைச் சுற்றும் சுற்றியிருந்தால் விகிதம் 4.55, அதாவது 41 பற்களும் 9 பற்களும் கொண்ட ஜோடியின் விகிதம்.

அடுத்து, சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரத்தைத் தரையில் குறியிட்டு அளந்துகொள்ளுங்கள். 5.90-15 டயரில் அது சுமார் 2.05 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர், ஆகவே சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 8 சுற்றும், ஷாஃப்ட் சுமார் 37 சுற்றும் சுற்றுகின்றன. கிரவுன் வீலின் 41 பற்கள் நொடிக்கு 8.1 முறை சுற்றினால், பல்லோடு பல் சேரும் அதிர்வெண் சுமார் 333 ஹெர்ட்ஸ். 40 கி.மீ.யில் அது 222 ஆகவும் 80 கி.மீ.யில் 444 ஆகவும் மாறும்.

60 கி.மீ.யில் செயலி 330 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கூர்மையான உச்சத்தைக் காட்டினால், ஒலி கிரவுன் வீல்–பினியன் பற்களிலிருந்தே வருகிறது. 37 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வு என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சமநிலையைப் பாருங்கள். அதன் இருமடங்கான 74 ஹெர்ட்ஸில் வந்தால் கிராஸின் கோணத்தைப் பாருங்கள். ஆனால் டாப் கியரில் இன்ஜினும் ஷாஃப்டின் வேகத்திலேயே சுற்றுவதால், இன்ஜினின் அதிர்வும் இதே எண்களில் விழும். அதே சாலை வேகத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றினால் இன்ஜின் எண்கள் நகர்ந்துவிடும், ஷாஃப்டின் எண்கள் நகரா. ஸ்பீடோமீட்டர் முள் பழைய வண்டிகளில் பொய் சொல்லும் என்பதால் வேகத்தைக் கைப்பேசியின் ஜி.பி.எஸ். மூலம் பாருங்கள்.

7. வண்டியைத் தூக்கிக் கேட்பது

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக் கொடுங்கள். பின்பக்கத்தை உயர்த்தி, ஸ்டாண்டுகளை ஆக்சில் ஹவுசிங்குக்கு அடியில் வையுங்கள். பாடிக்கு அடியில் வைக்க வேண்டாம். பாடியைத் தாங்கினால் ஆக்சில் கீழே தொங்கி, கிராஸின் கோணம் மாறி, சாலையில் இல்லாத புதிய அதிர்வொன்று உண்டாகும். அதைத் துரத்திக்கொண்டு ஒரு நாள் வீணாகும்.

இன்ஜின் ஓடும்போது இரண்டு பின்சக்கரங்களும் தரையைவிட்டு உயர்ந்திருக்க வேண்டும். ஒன்று தரையில் பட்டாலும் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் இருக்கட்டும். வேட்டி, துண்டு, தளர்ந்த சட்டைக் கை ஆகியவற்றோடு சுழலும் ஷாஃப்டின் அருகே செல்லக் கூடாது.

ஸ்பீடோமீட்டர் 40 கி.மீ. காட்டும் அளவுக்கு மேல் போகாமல், ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பினியன் மூக்குப் பகுதியிலும், ஹவுசிங்கின் நடுவில் இடமும் வலமும், இரண்டு சக்கர முனைகளிலும் வரிசையாக வைத்துக் கேளுங்கள். எங்கே ஒலி மிகுதி என்பதைவிட, எங்கே கரகரப்பு இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஊளை இரும்பு முழுவதும் பரவும். பேரிங்கின் கரகரப்பு பெரும்பாலும் அதன் இருப்பிடத்திலேயே கூர்மையாகக் கேட்கும்.

இந்தச் சோதனையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். காற்றில் சுழலும் சக்கரங்களுக்குப் பளு இல்லை. சாலையில் ஊளையிடும் ஆக்சில் இங்கே மௌனமாக இருக்கலாம். நல்ல ஆக்சிலும் இங்கே கடகடக்கலாம். பேரிங்கைக் கண்டுபிடிக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். பற்களைப் பற்றி இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

8. ஆயில் சொல்லும் சேதி

ஆயிலை வடிக்கும் முன், ஆயில் ஊற்றும் ஃபில்லர் ப்ளக்கைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். வடித்தபின் அது கழலாவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். சமதளத்தில் ஃபில்லர் துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால், சேர்ப்பதற்கு முன் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். ஹவுசிங்கின் மேலுள்ள, காற்று போய்வரும் பிரீதர் துளை சேற்றால் அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தாண்டிப் பிரேக் டிரம்முக்குள் போகும்.

வண்டி சூடாக இருக்கும்போதே ஆயிலைத் தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஆயில் வடிக்கும் ட்ரெய்ன் ப்ளக்கில் ஒட்டும் மெல்லிய சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். ஆயில் முழுவதும் மினுமினுப்புத் தெரிந்தால் பற்களோ பேரிங்குகளோ உரிகின்றன. விரலில் பிடிபடும் இரும்புத் துகள் கிடைத்தால் வண்டியை இனி ஓட்டாமல் யூனிட்டை இறக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் துகள் டிஃபரன்ஷியலின் வாஷர்களிலிருந்து வந்தது. பால் கலந்ததுபோல் வெளுத்த ஆயில், நீர் புகுந்ததற்குச் சான்று. மழைநீர் தேங்கிய தெருவில் சூடான ஆக்சில் மூழ்கினால், உள்ளேயுள்ள காற்று குளிர்ந்து சுருங்கி நீரைப் பிரீதர் வழியாகவோ சீல் வழியாகவோ இழுத்துக்கொள்ளும்.

வடிந்த ஆயில் தேன்போல் கெட்டியாக இருந்தால், முந்தைய உரிமையாளர் எஸ்.ஏ.இ. 140 ஆயிலை ஊற்றியிருக்கக்கூடும். கெட்டி ஆயில் ஊளையை அமுக்கும். விற்பனைக்கு வரும் வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். 90 ஹைப்பாய்டு ஆயிலை ஊற்றி 4-ஆம் படியின் சோதனையை மறுபடி செய்தால்தான் உண்மை நிலை தெரியும். ஹைப்பாய்டு பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நெடுக வழுக்கவும் செய்வதால், மிகை அழுத்தம் தாங்கும் ஜி.எல்.-5 தரம் தேவை. இன்ஜின் ஆயிலோ சாதாரண கியர் ஆயிலோ இங்கே உதவாது.

9. கையால் ஆட்டம் பார்ப்பது

ஷாஃப்டின் பின்முனையை, அதாவது பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்ட் வந்து சேரும் தட்டு) ஒட்டிய பகுதியை, இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் அசையுங்கள். பினியனில் உணரக்கூடிய எந்த ஆட்டமும் இருக்கக் கூடாது. சுற்றும் திசையில் சிறிது இடைவெளி இருப்பது இயல்பு. அதைப் பேரிங் ஆட்டமென்று எண்ணிவிட வேண்டாம். புதியவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

கிராஸைச் சோதிக்க, அதன் இரண்டு கவைகளையும் தனித்தனியே பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். கப்புகளைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தால் உள்ளேயுள்ள ஊசி உருளைகளில் கிரீஸ் வற்றிவிட்டது. ஷாஃப்டின் ஸ்ப்ளைன் பகுதியை முன்பு யாரேனும் கழற்றியிருந்தால், இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு ஸ்ப்ளைன் மாறி மாட்டினாலும், முன்கிராஸின் வேக ஏற்ற இறக்கத்தைப் பின்கிராஸ் சமன்செய்ய முடியாமல் போகும்.

ஓட்டம் முடிந்தவுடன் ஹவுசிங்கின் சூட்டையும் பாருங்கள். பினியன் மூக்கு, நடுப்பகுதியைவிட வெகுவாகச் சூடேறியிருந்தால் அதன் பேரிங்குகள் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டுள்ளன. ஒரு சக்கர முனை மட்டும் சூடாக இருந்தால், பேரிங்கைக் குறை சொல்லும் முன் பிரேக் ஷூ உராய்கிறதா என்று பாருங்கள்.

10. திறப்பதா, விடுவதா

தடையில் மட்டும் லேசான ஊளை, ஆயிலில் துகள் இல்லை, பினியனில் ஆட்டம் இல்லை, பல மாதங்களாகச் சத்தம் வளரவில்லை என்றால், என் கருத்தில் அந்த ஆக்சிலைத் தொடக் கூடாது. ஆயிலை மாற்றி, ஒலியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, 5,000 கி.மீ. கழித்து அதே சாலையில் மறுபடி பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பினியனில் ஆட்டம் உள்ளது, சத்தம் வளர்கிறது, ஆயில் மினுமினுக்கிறது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் திறக்க வேண்டும். ஆட்டத்தோடு ஓடும் பினியன் நாளுக்கு நாள் தன் பற்களைக் கெடுத்துக்கொள்கிறது; இன்று பேரிங்கோடு முடியும் செலவு நாளை ஜோடி முழுவதற்கும் ஆகிவிடும்.

சீல் மாற்றியபின் வந்த ஊளையெனில் முழுவதும் திறக்கும் முன் நட்டை மட்டும் சரிபார்க்கலாம். பினியனின் இரண்டு பேரிங்குகளுக்கிடையே ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைத்த அமைப்பு என்றால், மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு நட்டை முடுக்குவதே போதுமானதாகலாம். நசுங்கும் குழாய் வைத்த அமைப்பு என்றால் பழைய குழாயை மறுபடி பயன்படுத்தி இறுக்குவது முறையன்று. ஒருமுறை நசுங்கியது மீண்டும் சரியான எதிர்விசை தராது.

11. திறந்தபின் பார்க்க வேண்டியவை

பிரேக் டிரம்களைக் கழற்றி, ஆக்சில் ஷாஃப்டுகளை வெளியே இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்தபின், டிஃபரன்ஷியல் யூனிட் முன்பக்கமாக ஒரே கட்டாக வெளியே வரும். எடை அதிகம் என்பதால் அடியில் ஜாக்கியால் தாங்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் கவையிலும் சேர்த்துக் குறியிடுங்கள்.

யூனிட்டைப் பெஞ்சில் வைத்தவுடன் பிரிக்கத் தொடங்காதீர்கள். பிரித்துவிட்டால் தவறு எங்கே இருந்தது என்பதற்கான சான்று அழிந்துவிடும். முதலில் டயல் கேஜால் பற்களின் இடைவெளியை, கிரவுன் வீலின் நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். நான்கும் வெவ்வேறாக இருந்தால் கிரவுன் வீல் கோணலாக ஓடுகிறது. சரியான இடைவெளி பி.எம்.சி. வகை கிரவுன் வீலின் பின்பக்கத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்து பதிவு. எட்டுப் பத்துப் பற்களில் புருஷியன் ப்ளூ என்ற நீலக் குறிப்பசையையோ மஞ்சள் ஆயில் பெயிண்டையோ மெல்லியதாகப் பூசி, கிரவுன் வீலை மரத்துண்டால் அழுத்தித் தடைகொடுத்தபடி பினியனை இரு திசையிலும் சுற்றுங்கள். தடைகொடுக்காமல் சுற்றினால் பதிவு பொய்யாக விழும். பதிவு பல்லின் நடுவில், விளிம்புகளைத் தொடாமல் விழ வேண்டும். பல்லின் அடியை நோக்கி இறங்கியிருந்தால் பினியன் அளவுக்கு மீறி உள்ளே இருக்கிறது. உச்சியில் ஏறியிருந்தால் வெளியே இருக்கிறது. பல்லின் அகன்ற வெளிமுனையில் குவிந்தால் இடைவெளி அதிகம். குறுகிய உள்முனையில் குவிந்தால் குறைவு. முதலில் ஷிம் மூலம் பினியனின் ஆழத்தையும், பிறகே இடைவெளியையும் சரிசெய்ய வேண்டும். ஆழத்தை மாற்றும்போதெல்லாம் இடைவெளியும் மாறும் என்பதால், வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டு வேலையும் மறுபடி செய்ய நேரும்.

பேரிங் மட்டும் கெட்டு, பற்கள் நன்றாக இருந்தால், பழைய ஷிம்களின் தடிமனை அளந்து எந்த ஷிம் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி வையுங்கள். புதிய பேரிங்கின் உயரம் பழையதிலிருந்து வேறுபட்டால் அந்த வேறுபாட்டை மட்டும் ஷிம்மில் ஈடுசெய்யுங்கள். நெடுநாள் ஓடிய பற்களைப் புத்தக அளவுக்குத் திருத்துவதைவிட, அவை பழகிய இடத்திலேயே திரும்ப உட்கார வைப்பது அமைதியான ஆக்சிலைத் தரும். பற்களே குழிவிழுந்தோ படியாகவோ தேய்ந்திருந்தால் எந்த ஷிம்மும் ஊளையை நிறுத்தாது.

கிரவுன் வீலையும் பினியனையும் தனித்தனியாக மாற்றக் கூடாது. இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றாக வைத்து இழைக்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய யூனிட் வாங்குவதானால் இந்த எண்களையும், பற்களின் எண்ணிக்கையையும், பினியனின் ஆட்டத்தையும் கடையிலேயே பாருங்கள். விகிதம் மாறிய யூனிட் அமைதியாக ஓடலாம். ஆனால் வண்டியின் இழுவையும் ஸ்பீடோமீட்டரின் கணக்கும் மாறிவிடும். பிரித்துக் கழுவி, பெயிண்ட் அடித்து வைத்த யூனிட்டைவிட, பழைய ஆயிலோடு பிரிக்காமல் கிடக்கும் யூனிட்டையே நான் எடுப்பேன். அதில் பதிவு கலையாமல் இருக்கும், ஆயிலையும் சோதிக்கலாம்.

12. பூட்டியபின்

புதிய பினியன் பேரிங்குகளின் முன்அழுத்தத்தை, சீல் போடுவதற்கு முன், ஃபிளாஞ்சில் கயிற்றைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் சீராக இழுத்து அளக்க வேண்டும். கயிறு புறப்படும் முதல் விசையை விட்டுவிட்டு, சுழலும்போது தராசு காட்டும் அளவை ஃபிளாஞ்சின் ஆரத்தால் பெருக்கி மேனுவலோடு ஒப்பிடுங்கள். சீல் போட்டபின் அளந்தால் சீலின் உராய்வும் சேர்ந்து கணக்கு ஏமாற்றும்.

ஆயில் ஊற்றாமல் வண்டியை நகர்த்தாதபடி ஸ்டியரிங்கில் ஒரு சீட்டைக் கட்டுங்கள். இது பட்டறையில் கட்டாயம் வேண்டிய பழக்கம். முதல் ஓட்டம் 20 முதல் 25 கி.மீ. வரை, 60 கி.மீ. வேகத்துக்குள், நிறைந்த பாரம் இல்லாமல் இருக்கட்டும். பிறகு ஆக்சில் முழுதும் ஆறும்வரை வண்டியை நிறுத்துங்கள். புதிய ஹைப்பாய்டு பற்கள் முதல் ஓட்டத்தில் மிகுதியாகச் சூடேறும். ஆறவிடாமல் நெடும்பயணம் போனால் பற்களின் மேற்பரப்பு கருகிவிடும்.

500 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதையும், மலைப்பாதையில் பாரத்தோடு ஏறுவதையும் தவிர்த்து, 800 கி.மீ.யில் ஆயிலை வடித்து, காந்தத்தால் துழாவிப் பார்த்துப் புதிய ஆயில் ஊற்றுங்கள். அன்றே பினியன் ஃபிளாஞ்சின் ஆட்டத்தைக் கையால் ஒருமுறை பார்த்துவிட்டு, முதலில் சோதித்த அதே சாலையில் நான்கு நிலைகளையும் ஓட்டி, நோட்டில் பழைய குறிப்புக்கு எதிரே புதியதை எழுதுங்கள்.